ஒன்றேகால் அடி

அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் கோட்டும் டையுமாக யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்று காத்திருப்பார்கள். வந்து நிற்பதோ முழங்கால் வரை மஞ்சள் பெயிண்ட் தெறித்த கால்சட்டையும், வெயிலில் வெந்த முகமும், குச்சி போன்ற உடம்புமாக ஓர் ஆள். கடை வாசலில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆபீஸ் வளாகங்களில் எல்லாம் கார் நிறுத்துவதற்கு வரிசை வரிசையாக வெள்ளையிலும் மஞ்சளிலும் கோடு இருக்கிறதே, அதைப் போடுகிறவர். அந்தக் கோடெல்லாம் தானாக முளைத்தது என்றுதான் நம்மில் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் அதற்காக வருத்தப்பட்டதில்லை. கோணலாக இருந்தால்தான் யார் போட்டது என்று கேட்பார்கள், நேராக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பார்.

இருபத்திரண்டு வருஷமாகத் தரையைப் பார்த்தே நடந்தவர். குடும்பத்தோடு எங்கே போனாலும் கட்டடத்தைப் பார்க்கமாட்டார், அதன் முன்னால் இருக்கும் கோடுகளைத்தான் பார்ப்பார். "கயிறு பிடிக்காமப் போட்டிருக்கான் பாரு" என்று உச்சுக் கொட்டுவார். யாரோ பெரிய துரோகம் செய்துவிட்ட மாதிரி முகம் சுருங்கும். அவர் மனைவிக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவர் போட்ட கோடுகளுக்குள் ஆயிரக்கணக்கான கார்கள் நின்று போயிருக்கின்றன. அவருக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. கம்பெனி வேன் ஒன்று உண்டு. அதையும் கோடுகளுக்கு வெளியே, சுவரோரமாகத்தான் நிறுத்துவார். ஈரக் கோட்டில் கால் படக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். போட்டவன் வெளியே நின்று பார்த்துவிட்டு, வெளியோடு வெளியாகப் போய்விட வேண்டும்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இடத்துக்காரர்கள் எப்போதும் இன்னும் நாலு கார் கூட நிறுத்த வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். கட்டத்தின் அகலத்தை எட்டடியிலிருந்து ஏழடியாகக் குறைக்கச் சொல்வார்கள். இவர் ஒற்றைக் காலில் நிற்பார். "கார் ஆறடி, கட்டம் எட்டடி. மீதி இடம் எதுக்குன்னு கேக்கறீங்க. கதவு திறக்க வேண்டாமா? கதவு திறக்க முடியலைன்னா அது கார் நிறுத்தற இடமில்லைங்க, கார் மாட்டிக்கற இடம்." இதைச் சொல்லியே இரண்டு மூன்று பெரிய வேலைகளை இழந்திருக்கிறார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவரை அனுப்பமாட்டார். அவ்வளவு நேராகக் கோடு போட வேறு ஆள் இல்லை.

கார்கள் வருவதற்கு முன்னால் கோடு காய்ந்திருக்க வேண்டும். அதனால் அவருடைய வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மூன்று மணிக்கு எழுந்துகொள்வார். மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் எழுகிற சத்தத்தில் அவளும் எழுந்துகொண்டு அழுவாள். சரி, கொஞ்ச நாளைக்கு ஹாலில் படுத்துக்கொள்ளலாம் என்று வாசல் கதவை ஒட்டி ஒரு மடக்குக் கட்டில் போட்டார். அந்தக் கொஞ்ச நாள் பதினெட்டு வருஷமாகிவிட்டது. வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறைதான். அதில் அம்மா, மூத்தவள், நடுவிலுள்ள பையன், கடைக்குட்டி என்று வரிசையாகப் படுத்திருப்பார்கள். கிளம்புவதற்கு முன் அந்த அறைக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்ப்பார். நாலு தலை தெரியும். நாலும் இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

மூத்தவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் டென்டில் தங்கவைத்தார்கள். அதற்குக் கட்டப் பணம் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் போய்விட, இவள் மட்டும் காலியான வகுப்பில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டு வந்தாள். முக்கோணமாக ஒரு டென்ட், அதற்குள் அஞ்சு உருண்டை முகம். அதைப் பார்த்துவிட்டு அவர் வாய் தவறி ஒரு வாக்குக் கொடுத்தார். "அடுத்த லீவுக்கு நாமளே போகலாம் பாப்பா. நம்ம சொந்த டென்ட்ல."

லீவு என்பது கோடையில் வரும். கோடையில்தான் மழை இருக்காது. பெயிண்ட் அரை மணியில் காயும். ஊரில் இருக்கிற எல்லா இடத்துக்காரர்களும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கோடையிலும் மகள் கேட்டாள். ஒவ்வொரு கோடையிலும் இவர் "பார்க்கலாம்" என்றார். எட்டாம் வகுப்போடு அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அப்போது அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. பிள்ளைகள் கேட்பதை நிறுத்துவது நிம்மதிப்படுகிற விஷயமில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

உறைத்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. எக்ஸ்ரே எடுக்கிற படிப்புக்குத் தூரத்து ஊரில் இடம் கிடைத்து, ஹாஸ்டலில் போய்ச் சேரவேண்டிய தேதியும் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. அவர் நேராக முதலாளியிடம் போய் நாலு நாள் லீவு கேட்டார். முதலாளி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆள் கோடையில் லீவு கேட்டு அவர் பார்த்ததில்லை. பயந்துபோய் லீவோடு வேனையும் கொடுத்துவிட்டார்.

ஏரிக்கரையில் விடுதியும் இருந்தது. ஆனால் ஒரு அறைக்கு நாலு பேர்தான், மேலே ஒருவர் என்றால் இன்னொரு அறை எடுக்க வேண்டும் என்றார்கள். டென்ட் என்றால் மரத்தடியில் இடத்துக்கு மட்டும் காசு. குழாய் இருக்கிறது, குளியலறை இருக்கிறது. எல்லோரும் ஒரே துணிக்கூரைக்கடியில் படுத்துக்கொள்ளலாம். அதுதான் அவருக்கு வேண்டியது. பெண் வீட்டைவிட்டுப் போவதற்குள் அந்தப் படத்தில் இருந்த மாதிரி ஒரு முறை. மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிற ஆள் அவர், வீட்டில் இதையெல்லாம் சொல்லவில்லை. "டென்ட் வாங்கறோம், போறோம்" என்று மட்டும் அறிவித்தார்.

பையனும் கடைக்குட்டியும் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார். மூத்தவள் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்பா, நாலு பேர் டென்ட் வாங்கினாப் போதும்பா. நம்ம கையில இருக்கிற காசுக்கு அதுதான் வரும். நான் பார்த்துட்டேன்."

"நாம அஞ்சு பேரும்மா."

"அடுத்த மாசத்துல இருந்து நான் இங்க இல்லையே. ஒரே ஒரு தடவைக்காக எனக்கும் சேர்த்துப் பெருசா வாங்கணுமா? அதுக்கப்புறம் அது சும்மாதானே கிடக்கும். நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. நான் அத்தை வீட்டுல இருந்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அவள் நியாயமாகச் சொன்னாள். 'நீ இல்லாத டென்ட் எனக்கெதுக்கும்மா' என்று சொல்ல வாயெடுத்தார். வெளியே வந்தது "பார்க்கலாம்" என்பதுதான். அந்த வீட்டில் ஏழு வருஷமாகப் புழங்கித் தேய்ந்துபோன சொல் அது. மகள் லேசாகச் சிரித்துவிட்டுத் திரும்பவும் போனுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து, கையில் அளவு டேப்போடு கடைக்குப் போனார். மலையேறுகிறவர்களுக்கும் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற பெரிய கடை. மாடியில் ஒரு தளம் முழுக்க டென்ட்கள் விரித்து நின்றன. பெட்டிகளில் ரெண்டு பேர், நாலு பேர், ஆறு பேர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அஞ்சு பேர் என்று ஒன்றுகூட இல்லை. டென்ட் செய்கிறவர்கள் அஞ்சு பேர் உள்ள குடும்பத்தை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆறு பேர் டென்டின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் சூடுபட்ட மாதிரி விட்டுவிட்டார். அவர் சேர்த்து வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு.

அங்கே வேலை செய்த பெண் தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். "எத்தனை பேருக்கு சார்?" என்று கேட்டாள்.

"அஞ்சு பேர்."

"அப்போ ஆறு பேருக்கானதைப் பாருங்க. உண்மையைச் சொல்லணும்னா, நாலு பேர்னு போட்டிருந்தா மூணு பேர்தான் நல்லாப் படுக்கலாம். கம்பெனிக்காரங்க எல்லாரையும் டின்னுல அடைச்ச மத்தி மீன் மாதிரி அடுக்கி அளந்துடறாங்க."

கோட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் இனத்தைச் சேர்ந்த ஒரு ஆளைக் கண்டுகொண்ட சந்தோஷம். "அதேதான்மா! எங்க தொழில்லயும் அதேதான். கதவு திறக்க இடம் விடமாட்டாங்க!" என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல பெண், சிரித்து வைத்தாள். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை நம்பாமல் தரையின் அளவைப் பார்க்கச் சொன்னாள். தரைத்துணி சுவரோடு சேர்ந்து ஒரு சாண் மேலே ஏறியிருந்தால்தான் தண்ணீர் உள்ளே வராது, தையல் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று உள்பக்கம் தடவிப் பாருங்கள், காற்றுப் போக வலை வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் நம் மூச்சே சொட்டுச் சொட்டாக நம்மேல் விழும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் தவழ்ந்து போய் வந்தார். தையலைத் தடவினார். தரையை அளந்தார்.

கடைசியில் மூலையில் ஒன்று கண்ணில் பட்டது. போன வருஷத்துச் சரக்கு, காட்சிக்கு விரித்து வைத்திருந்தது. பையில் சின்னக் கிழிசல் என்பதால் மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்திருந்தார்கள். நாலு பேர் டென்ட்தான். அகலம் எட்டடி, நீளம் ஏழடி. அவர் கையில் இருந்த காசுக்குச் சரியாக வரும்.

"இதை எடுத்தாத் திருப்பித் தர முடியாது சார். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

"ரெண்டு நாள் யாருக்கும் குடுக்காம வைம்மா. அளந்து பார்த்துட்டு வந்துடறேன்."

"இப்பதானே சார் அளந்தீங்க?"

"டென்ட்டை அளந்தாச்சு. ஆளுங்களை அளக்கணும்ல?"

அன்று சாயங்காலமே ஹாலில் இருந்த நாற்காலி, மேசை, மடக்குக் கட்டில் எல்லாம் பால்கனிக்குப் போயின. வேலைக்குக் கொண்டுபோகிற, சுண்டினால் தரையில் நேர்கோடு விழுகிற சுண்ணாம்புக் கயிற்றை எடுத்தார். "அந்தக் கயித்தை வீட்டுக்குள்ள சுண்டினீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றாள் மனைவி. அதனால் காகித டேப்பைத் தரையில் ஒட்டி எட்டுக்கு ஏழு கட்டம் போட்டார். மூலைகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன.

"ம், எல்லாரும் உள்ளே போய்ப் படுங்க."

"நான் கார்" என்று கத்திக்கொண்டே கடைக்குட்டி ஓடிப்போய் விழுந்தது.

"நீ சின்ன கார். ஒன்றேகால் அடி." அவர் அளந்து தரையில் குறி வைத்தார். பையன் ஒன்றேமுக்கால்.

"அப்போ நான் லாரியாக்கும்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி படுத்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டடி என்று குறித்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடும்பத்தில் எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தார்.

மூத்தவள் ஹாஸ்டலுக்கு வேண்டிய சாமான் வாங்கத் தோழியோடு கடைக்குப் போயிருந்தாள். அவளை முந்தின நாளே, மடக்குக் கட்டிலில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் டேப்பை நீட்டி அளந்து வைத்திருந்தார். ஒன்றேமுக்கால். அவளுடைய போர்வையை அதே அகலத்துக்கு மடித்து, அம்மாவுக்கு அந்தப்பக்கம், ஓரத்தில் நீளமாகப் போட்டார். மடிப்பு கலையாமல் நாலு தடவை நீவிவிட்டார்.

பிறகு கட்டத்துக்கு வெளியே போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். கடைக்குட்டி, பையன், மனைவி, போர்வை. கூட்டினால் ஆறேமுக்கால். எட்டடியில் ஒன்றேகால் அடி மிச்சம். கதவு திறக்க இடம் இருக்கிறது. புரண்டு படுக்கலாம், கைகாலை நீட்டலாம், யாரும் யாரையும் இடிக்கவேண்டாம். இதைவிடக் கச்சிதமாக ஒரு கட்டம் அவர் வாழ்க்கையில் போட்டதில்லை.

"இடம் மிச்சம் இருக்கு" என்றார்.

மனைவி தலையைத் தூக்கி அந்த மிச்ச இடத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அது போதுமாங்க?"

"தாராளமா."

அவள் ஏனோ கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லாரி விஷயத்தை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல என்று அவர் எண்ணிக்கொண்டார்.

மறுநாள் டென்ட் வீட்டுக்கு வந்தது. பெட்டியை ஹால் நடுவில் வைத்துவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மகளுக்காகக் காத்திருந்தார். அவள் உள்ளே வந்தாள். பெட்டியின் முகப்பில் நாலு மனிதப் பொம்மைகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு '4' என்று போட்டிருந்தது. அவள் கண் அதில் போய் நின்றது.

"நாலு பேர் டென்ட்டாப்பா?"

"நம்பரைப் பார்க்காதே பாப்பா. நான் அளந்துதான்..."

"சரியாத்தான் வாங்கியிருக்கீங்க. நான் சொன்னதுதானே." சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தானே சொன்னதுதான், ஆனாலும் அப்பா அதைக் கேட்டுவிடுவார் என்று அவள் நினைக்கவில்லை.

அவர் கதவருகே போய் நின்றார். "உன்னையும் சேர்த்துத்தான் அளந்திருக்கேன், பாப்பா. சத்தியமா."

"சரிப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. 'பார்க்கலாம்' கேட்டு வளர்ந்த பெண்ணின் 'சரிப்பா' அது. கொஞ்ச நேரத்தில் அவள் போனில் பேசுவது கேட்டது. "ஆமா அத்தை, அந்த நாலு நாளும் நான் அங்க வந்துடறேன். அவங்க நாலு பேரும் போறாங்க."

இத்தனை அளந்தும் கடைசியில் ஒரு அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண் ஜெயித்துவிட்டதே என்று கோட்டுக்காரருக்கு ஆத்திரமாக வந்தது. பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். மறுநாள் முழுக்க யோசித்து, சனிக்கிழமை மகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலைல டென்ட்டை ஒரு தடவை விரிச்சுப் பார்க்கப் போறேன். நீயும் வா. வந்து படுத்துப் பாரு. உனக்கு இடம் இல்லைன்னா நீ அத்தை வீட்டுக்குப் போ, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இடம் இருந்தா எங்ககூட வரணும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "சரி, வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போன மாதம் அவர் கோடு போட்டுக்கொடுத்த பெரிய பாத்திரக் கடையின் கார் நிறுத்துமிடம். கடைக்கு விடுமுறை, நூற்றுப்பத்துக் கட்டமும் காலி. காவலாளி பழக்கமானவர், பிளாஸ்கில் டீயோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிட்டவே வந்துவிட்டார். தார்த் தரையில் முளை அடிக்க முடியாது. அதனால் நாலு பெயிண்ட் வாளிகளில் தண்ணீர் நிரப்பி மூலைக்கு ஒன்றாக வைத்துக் கட்டினார்கள். எந்தக் கம்பி எந்த ஓட்டையில் போகும் என்று பையன் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல, கடைக்குட்டி எதிர்ப்பக்கமாக இழுக்க, டென்ட் இரண்டு முறை படுத்துக்கொண்டது. மூன்றாவது முறை எழுந்து நின்றது. எட்டடிக் கட்டத்துக்குள் எட்டடி டென்ட். இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு அதன் கரை மாதிரி ஓடியது.

"ஒரு கட்டத்தை அடைச்சிட்டீங்களே, டோக்கன் போடவா?" என்றார் காவலாளி.

கோட்டுக்காரர் சிரிக்கும் நிலையில் இல்லை. "போங்க, எல்லாரும் உள்ளே போங்க" என்று விரட்டினார். கடைக்குட்டி போயிற்று, பையன் போனான், மனைவி குனிந்து போனாள். மூத்தவள் கடைசியாகச் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய் அம்மாவுக்கு அந்தப்பக்கம் படுத்தாள். கையை நீட்டினாள். இடித்துக்கொள்வோம் என்று எதிர்பார்த்த இடத்தில் ஒன்றும் இடிக்கவில்லை.

"இடம் இருக்கே!" என்றாள். ஆச்சரியத்தை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வெளியே வலைக்கு அந்தப்பக்கம் அவர் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேனே! உன் அளவு ஒன்றேமுக்கால் அடி. நீ தூங்கும்போது... இல்ல, படிக்கும்போது அளந்தேன். உன் போர்வையைப் போட்டு வெச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். உனக்குப் போக அந்தப்பக்கம் இன்னும் ஒன்றேகால் அடி மிச்சம் இருக்கு பாரு. நீ கொஞ்சமும் ஒடுங்கிக்க வேண்டாம்."

நாலு நாளாக அவள் மனசுக்குள் கட்டி வைத்திருந்தது ஒன்று சரிந்துவிட்டது. அப்பா அவளை விட்டுவிடவில்லை. அவள் போர்வையை மடித்துப் போட்டு அளந்திருக்கிறார்.

"எல்லாரும் வந்தாச்சா? சரி, கதவைச் சாத்தறேன்" என்றபடி அவர் வெளியே இருந்து ஜிப்பை இழுத்தார். விர்ரென்று மேலேயிருந்து கீழே வரை மூடிக்கொண்டது.

மூத்தவள் படுத்தவாறே பார்த்தாள். அடிப்பக்க வலை வழியாக அவருடைய இரண்டு கால்கள் தெரிந்தன. மஞ்சள் தெறித்த கால்சட்டை. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப்பக்கம், கோட்டை மிதித்துவிடாமல், ஒரு சாண் தள்ளி நின்றிருந்தார். அவள் உள்ளே இருந்தவர்களை ஒரு முறை பார்த்தாள். மறுபடி அந்தக் கால்களைப் பார்த்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"நீங்க எங்க படுப்பீங்க?"

வெளியேயிருந்து "நானா?" என்று ஒரு குரல் வந்தது. நடிப்பில்லாத 'நானா'. அந்தக் கேள்வி அன்றைக்கு, அந்த நிமிஷம்தான் அவர் காதில் முதல்முதலாக விழுந்தது. கடையில் அஞ்சு பேர் என்று சொன்னவர். விடுதியிலும் அஞ்சு பேர் என்று கேட்டவர். ஆனால் படுப்பது என்று வந்தபோது அவர் கண்ணுக்குத் தெரிந்தது கதவு இடுக்கில் தினமும் பார்த்த அந்த நாலு தலைதான்.

மனைவி விருட்டென்று எழுந்து கம்பியில் இடித்துக்கொண்டாள். "என்ன நானாவா? அந்த ஒன்றேகால் அடி உங்களுக்குன்னுதானே நான் நினைச்சிட்டிருந்தேன்! போதுமான்னு கேட்டேனே! தாராளமான்னு சொன்னீங்களே!"

"அது... கதவு திறக்க" என்றார் அவர்.

காவலாளி சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். கடைக்குட்டிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது. கோட்டுக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்கிற மாதிரி அவசரமாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அதனாலென்ன, நான் வேன்ல படுத்துக்கறேன். எப்படியும் மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். உங்களை எதுக்கு எழுப்பணும்?"

"மூணு மணிக்கு எழுந்து ஏரியில என்ன கோடு போடப் போறீங்க?" என்று கேட்டாள் மூத்தவள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "என்னைத்தான் விட்டுட்டீங்கன்னு நினைச்சு நாலு நாளா உங்கமேல கோபமா இருந்தேன்பா. நீங்க உங்களையே விட்டிருக்கீங்க."

"மறந்துட்டேம்மா" என்றார்.

"நீங்க வெளிய படுத்தா நான் வரமாட்டேன். அத்தை வீட்டுக்குப் போயிடுவேன். உள்ள வாங்க."

"இடம் பத்தாதும்மா. நீங்க புரண்டு படுக்க..."

"அப்பா, உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். வெள்ளைக் கோட்டை ஒரு முறை பார்த்தார். காய்ந்து ஒரு மாதமான கோடு, ஆனாலும் மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போனார். "எல்லாரும் தள்ளுங்க" என்று மூத்தவள் அதட்டினாள். தள்ளினார்கள். ஓரத்தில் இருந்த அந்த ஒன்றேகால் அடியில், அவர் தன் குச்சி உடம்பை ஒருக்களித்து வைத்தார். ஒரு பக்கம் துணிச்சுவர், மறுபக்கம் மகள். ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை.

"கதவு திறக்க இடமில்லையே" என்று முணுமுணுத்தார்.

"திறக்க வேண்டாம்பா" என்றாள் அவள்.

டென்ட் கொஞ்சம் உப்பிக்கொண்டது. "உள்ளே மொத்தம் எத்தனை உருப்படி?" என்று காவலாளி வெளியே இருந்து குரல் கொடுத்தார். பழக்கத்தில் கோட்டுக்காரர் "நாலு..." என்று தொடங்க, கடைக்குட்டி "அஞ்சு!" என்று கூவி அடக்கியது. தினமும் இடுக்கு வழியாக எண்ணிப் பார்த்த தலைகளை இப்போது அவரால் எண்ண முடியவில்லை. மூத்தவளின் பின்னல்தான் மூக்கில் இடித்துக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் பக்கத்தில் கடைசியாகப் படுத்தது. எழுந்து போகவும் மனசில்லை, எழுந்து போகவேண்டிய வேலையும் இல்லை.

வெயில் துணி வழியாக மஞ்சளாக இறங்கியது. பையன் ஏதோ கேட்டான், மனைவி பதில் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஓரத்திலிருந்து மெல்லிய குறட்டை வந்தது. காலை பத்து மணி. மூத்தவளின் போன் அதிர்ந்தது. அத்தை. நாலு நாளைக்கு அறையைச் சுத்தம் பண்ணி வைத்துவிட்டாளாம், எப்போது வருகிறாய் என்று கேட்டாள்.

அவள் அசையாமல், போனை வாய்க்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பேசினாள். "இல்ல அத்தை, நான் வரலை. இவங்ககூடத்தான் போறேன்... ஆமா, மெதுவாத்தான் பேசறேன். அப்பா பக்கத்துல தூங்கறாரு."